அரியலூர் வராத கிடார்

கிடார் கற்றுக்கொண்டவர்கள் உலகத்தில் கோடிப் பேர் இருக்கலாம். விசில் ஊதிக் கிளம்பி, விசில் ஊதி நிறுத்தி அதைக் கற்றுக்கொண்டவர் எங்கள் ரைட்டண்ணன் ஒருவர்தான். இதை எந்தச் சபையிலும் அடித்துச் சொல்வேன். அவர் வீட்டு மாடியில் குடியிருந்து ஒரு சத்தம் விடாமல் கேட்டவள் நான்.

ரைட்டண்ணன் பெரம்பலூர் - அரியலூர் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். பெற்றோர் வைத்த பெயர் வாக்காளர் அட்டையில் இருக்கும், நான் பார்த்ததில்லை. 'போலாம் ரைட்' என்பதில் பாதியை எடுத்து ஊரே அவருக்குப் பெயராக வைத்துவிட்டது. அவர் மனைவி ரைட்டக்கா. அந்த வீட்டில் பெரும்பாலும் ரைட்டாக இருந்தவர் அவர்தான் என்பதால் அந்தப் பெயர் எனக்குப் பொருத்தமாகவே பட்டது.

துறையூர் ரோட்டை ஒட்டிய தெருவில் வீடு. கீழே அவர்கள், மாடியில் நான். அரியலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். பெரம்பலூரில் ரயில் கிடையாது, தினமும் பஸ்தான். ஆகவே போகும்போதும் வரும்போதும் ரைட்டண்ணன், வீட்டிலும் ரைட்டண்ணன்.

முன்னால் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும், பின்னால் வரும் வண்டியிடம் பிடிபடக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவர் வாழ்க்கை ஓடியது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டால் ஏறியதாகக் கணக்கு. மறு காலை வண்டி ஓட ஓட எடுத்து வைத்துக்கொள்ளலாம். ஒருமுறை ஒரு பெரியவரை ஏற்றிவிட வந்த மருமகனையும் சேர்த்து உள்ளே தள்ளி விசில் கொடுத்துவிட்டார். பாவம், அந்த மருமகன் பேரளியில் இறங்கித் திரும்பிப் போனார். "ஏத்திவிட வந்தவரு வண்டிக்கு இவ்ளோ கிட்டவா நிப்பாரு?" என்று ரைட்டண்ணன் கேட்டார். அதிலும் ஒரு நியாயம் இருப்பதாகப் பாதி பஸ் ஒப்புக்கொண்டது.

வீட்டிலும் இதே வேகம்தான். நின்றுகொண்டேதான் சாப்பிடுவார். அக்கா சாம்பார் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே மோருக்குக் கை நீட்டுவார்.

இப்படிப்பட்டவரை ஒரு முழங்கால் உட்கார வைத்தது. ஒரு மாதம் நிற்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உட்கார்ந்து பழக்கமில்லாத மனிதர், கூடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பரணில் ஒரு கிடார் இருந்தது. காலேஜில் படிக்கும்போது மகள் ஆசைப்பட்டு வாங்கி, விரல் வலிக்கிறது என்று தூக்கிப் போட்டது. மகள் இப்போது கல்யாணமாகி ஜெயங்கொண்டத்தில். கிடார் கீழே இறங்கியது. செல்போனில் வீடியோ ஓடியது. அன்றிலிருந்து என் மாடியின் அமைதியும் போனது. வீட்டு ஓனரே வாசித்தால் யாரிடம் போய்ச் சொல்வது?

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் மளமளவென்று கற்றுக்கொண்டார். கால் சரியாகி வேலைக்குத் திரும்பும்போது இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்திருந்தது. டிக்கெட் கேட்டவர்களுக்கு முதலில் அந்த விரலைத்தான் காட்டினார். "தொட்டுப் பாருங்க சார். ஊசி குத்துனாக்கூடத் தெரியாது."

கிடாரில் கம்பிகளைச் சேர்த்து அமுக்கிப் பிடிக்கும் ஒவ்வொரு பிடிக்கும் சி, ஜி, ஏ மைனர், எஃப் என்று இங்கிலீஷில் பெயர். அவருக்கு அது மனதில் நிற்கவில்லை. ஆகவே ஸ்டாப் பெயரை வைத்துவிட்டார். சி பெரம்பலூர். ஜி பேரளி. ஏ மைனர் சித்தளி. எஃப் அரியலூர். இந்த நாலும் மாறி மாறி வந்தால் பாதிப் பாட்டுகளை வாசித்துவிடலாம் என்று வீடியோவில் சொன்னார்களாம். ரெண்டு விசில் கொடுத்துக் கிளம்புவார். பெரம்பலூர் வரும், பேரளி வரும், சித்தளி வரும். அரியலூர் வராது.

எஃப் என்பது பொல்லாத பிடி. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அமுக்க வேண்டும். அதே நேரத்தில் மற்ற மூன்று விரலையும் ஆளுக்கொரு இடத்தில் ஊன்ற வேண்டும். அவர் ஊன்றினால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். உடனே ஒரு விசில், வண்டி நின்றுவிடும். மறுபடி பெரம்பலூரிலிருந்து கிளம்புவார்.

ஆவணியில் டொக். ஐப்பசியில் டொக். பொங்கலுக்குப் பொங்கல் பொங்கியது, கிடாரில் டொக். ஒருநாள் வகுப்பில் கரும்பலகையில் கணக்கின் நாலாவது வரியை எழுதும்போது சாக்பீஸ் உடைந்தது. என்னையறியாமல் "அரியலூர்" என்று சொல்லிவிட்டேன். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அவர் செய்யாத வைத்தியம் இல்லை. திருச்சிக்குப் போய்ப் புதுக் கம்பி வாங்கி மாட்டினார். வாஸ்து பார்த்து நாற்காலியை வடக்கே திருப்பினார். விரல் நன்றாக வளையும் என்று யாரோ சொல்ல, வீட்டில் வாரக்கணக்கில் வெண்டைக்காய். கடைசியில் பஸ்ஸிலேயே பயிற்சியை ஆரம்பித்துவிட்டார். மேல்கம்பியைப் பிடித்தபடி ஆள்காட்டி விரலை விறைப்பாக நீட்டி, மற்ற மூன்றையும் கோணலாக மடக்கிக்கொண்டு வருவார்.

அதைப் பார்த்துக்கொண்டே வந்த ஒரு நர்ஸம்மா மெதுவாகக் கேட்டார். "அண்ணே, கை இப்புடி இழுக்குதே, எவ்ளோ நாளா?"

"ஆவணியிலேருந்தும்மா."

"தல சுத்துதா?"

"அதெல்லாம் இல்ல. அரியலூர் வர்றப்ப மட்டும் கையி சொன்னபடி கேக்க மாட்டேங்குது."

பஸ் அரியலூரில் நின்றதும் அந்தம்மா அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "மொதல்ல ஜிஹெச்சுக்கு வாங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்" என்று இறக்கிவிட்டார். நான் குறுக்கே போய்க் கிடார் விஷயத்தைச் சொல்லி மீட்டுக்கொண்டு வந்தேன். நர்ஸம்மா நம்பவில்லை. அடுத்த வாரமும் அவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார்.

டவுனில் ஒரு மொபைல் கடை மாடியில் கிடார் கிளாஸ் எடுக்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். ஒரு லீவு நாளில் ரைட்டண்ணன் அங்கே போய் வாசித்துக் காட்டினார். கேட்டு முடித்ததும் அந்த இளைஞர், "அண்ணே, கொஞ்சம் மெதுவா வாசிச்சுப் பாருங்க" என்றாராம்.

"மெதுவாப் போனா பின்னாடி வர்ற வண்டிக்காரன் ஆள ஏத்திட்டுப் போயிருவான் தம்பி" என்று சொல்லிவிட்டுக் கிடாரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அந்தப் பக்கம் திரும்பிப் போகவே இல்லை.

இந்த நிலைமையில்தான் மகளுக்கு வளைகாப்பு வந்தது. ஜெயங்கொண்டத்தில் சம்பந்தி வீட்டில் வைத்து. நாள் சொல்லப் போன் செய்த சம்பந்தியிடம் பேச்சுவாக்கில், "அன்னைக்கி நம்ம கிடார் இருக்குதுங்க" என்று விட்டுவிட்டார். சம்பந்தி நிலபுலம் உள்ளவர், எதையும் பெரிதாகச் செய்பவர். மைக்செட்டுக்கே சொல்லிவிட்டார்.

மறுநாள் மகளிடமிருந்து போன். ரைட்டண்ணன் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், ஆகவே மாடிப்படியில் துணி எடுத்துக்கொண்டிருந்த எனக்கும் கேட்டது.

"அப்பா, வேணாம்ப்பா. எங்க மாமியார் சொந்தமெல்லாம் வருது. நீங்க பாதியில நின்னா சிரிப்பாங்கப்பா. எனக்குத் தாங்காது."

அவர் "சரிம்மா" என்று வைத்துவிட்டார். சாயங்காலம் கிடார் பரணுக்குப் போய்விட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சத்தமே இல்லை. நான் எத்தனையோ நாள் வேண்டிக்கொண்ட அமைதிதான். ஆனால் என்னால் ஒரு பேப்பர் கட்டைக்கூட உட்கார்ந்து திருத்த முடியவில்லை. ரைட்டண்ணன் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார். பஸ்ஸில் ஒரு பாட்டி ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு விசில் கொடுத்தார். டிரைவர் இறங்கி வந்து, "உடம்பு சரியில்லியா?" என்று கேட்டார்.

ரைட்டக்கா என்னிடம் மேலே வந்தார். "டீச்சரு, இவரு வாசிச்சது எதுனாச்சும் ஒங்க போன்ல இருக்குதா?"

இருந்தது. மாடியில் என் கஷ்டம் எப்படிப்பட்டது என்று தங்கைக்குப் புரியட்டும் என்பதற்காக ஒருநாள் பதிவு செய்து அனுப்பியிருந்தேன். அதைச் சொல்லாமல், இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

"அவருக்கு வெரலு சரியாத்தான் போவுது டீச்சரு. நான் பக்கத்துல ஒக்காந்து பாத்துருக்கேன். அந்தக் கடசிப் பிடிய தனியா வச்சா நல்லாத்தான் வருது. ஓடியாந்து வச்சாத்தான் வரல. அவரு பாட்டா வாசிக்கிறாரு? ட்ரிப்புல்ல அடிக்கிறாரு."

கீழே போய், யார் என்று சொல்லாமல் பதிவைப் போட்டேன். ரைட்டண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டார். "யாரு டீச்சர் இவன்? நாய் தொரத்துறாப்ல ஓடுறான். எங்கயும் நிக்க மாட்டேங்குறானே."

"நீங்கதான்" என்றார் அக்கா.

அவர் போனை வாங்கி மறுபடி கேட்டார். காதோடு வைத்து இன்னொரு முறை கேட்டார். அப்புறம் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, பரணிலிருந்து கிடாரை அவரே எடுத்தார்.

அடுத்த லீவு நாள் மத்தியானம். அக்கா முறத்தில் சின்ன வெங்காயத்தைக் கொட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். அக்காவுக்குப் பிறந்த ஊர் விக்கிரமங்கலம். வளையல் போடும்போது அந்த ஊர்ப் பெண்கள் பாடும் பாட்டு ஒன்று அவருக்குத் தெரியும். "நான் பாடுறேன். நீங்க கூட வாங்க. முன்னாடி ஓடுனா நான் நிறுத்திருவேன்."

ரைட்டண்ணன் ஓடினார். அக்கா நிறுத்திவிட்டு வெங்காயம் உரித்தார். மறுபடி பாடினார், இவர் மறுபடி ஓடினார். மறுபடி வெங்காயம். "சித்தளியிலேருந்து அரியலூரு மட்டும் போங்க. மத்தது கெடக்கட்டும்" என்றார் அக்கா. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் வாசித்தார்கள், பாதி வேகத்தில், அதிலும் பாதியில். அவருக்கு வேர்த்துக் கொட்டியது.

"இப்புடிப் போனா லேட்டாவுதுடி" என்றார்.

அக்கா வெங்காயத்தைக் கீழே வைத்தார். "எங்க போவணும் ஒங்களுக்கு?"

ரைட்டண்ணன் முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்தார். முன்னாலும் வண்டி இல்லை, பின்னாலும் வண்டி இல்லை. கூடத்தில் அவரும் அக்காவும் உரித்த வெங்காயமும்தான். பிறகு தோளைத் தளர்த்திக்கொண்டு விரலைக் கம்பிகள் மேல் படுக்க வைத்தார். நான் படியில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆறு கம்பியும் சேர்ந்து ஒலித்தது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார்.

வளைகாப்புக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். பந்தலுக்குள் போகும் முன் அக்கா கையை நீட்டி, "அந்த விசில இப்புடிக் குடுங்க" என்று வாங்கிப் பர்ஸில் போட்டுக்கொண்டார். மைக் முன்னால் அப்பா கிடாரோடு உட்காருவதைப் பார்த்ததும் மகளின் முகம் வெளுத்துவிட்டது. மாமியார் பக்கத்துப் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அக்கா பாட ஆரம்பித்தார், அண்ணன் கூடவே போனார். ஒவ்வொருவராக வந்து சந்தனம் தடவி வளையல் போட்டார்கள். மாமியார் வந்தபோதுதான் ஒரு சின்னச் சிக்கல். மாதம் ஏறியதில் மகளுக்குக் கை வீங்கியிருந்தது. வளையல் கட்டைவிரல் மூட்டில் மாட்டிக்கொண்டது. உடைந்தால் எல்லோருக்கும் மனசு கஷ்டம். மாமியார் கையைப் பிடித்து மெல்ல மெல்ல அழுத்தினார். அக்கா அதைக் கவனித்து, பாடிக்கொண்டிருந்த வரியை முடிக்காமல் இழுத்தார்.

நான் ரைட்டண்ணனைப் பார்த்தேன். படியில் ஒரு கால் வைத்தவரைக்கூடக் காத்திருந்து ஏற்றாத மனிதர், அந்தப் பொல்லாத எஃப் பிடியில் விரலை வைத்தபடி, மகளின் கையையே பார்த்துக்கொண்டு, அதே இடத்தில் மெதுவாக மீட்டிக்கொண்டிருந்தார். ஒரு கம்பி லேசாகக் கரகரத்தது. அவர் நிறுத்தவில்லை, ஓடவுமில்லை. வளையல் மூட்டைத் தாண்டி மணிக்கட்டில் விழுந்த பிறகுதான் அக்கா வரியை முடித்தார். அவரும் கூடவே முடித்தார்.

மகள் வளையல் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். "இன்னொரு தடவ வாசிங்கப்பா" என்றாள். மாமியார், "முழுசா வாசிங்க சம்பந்தி, நாங்க இருக்கோம்" என்று எதிரிலேயே உட்கார்ந்துகொண்டார். அன்றைக்குப் பந்தி ரொம்பத் தாமதமாகத்தான் ஆரம்பித்தது.

போன வருஷம் எனக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. வீடு பார்த்துக் கொடுத்த புரோக்கர், "கீழ்வீட்டுல ஒரு சத்தம் இருக்காது டீச்சர், நிம்மதியா இருக்கலாம்" என்றார். சொன்னபடியே ஒரு சத்தமும் இல்லை. குடிவந்த முதல் வாரமே, வேறு வீடு பார்க்கலாமா என்று அவரிடம் கேட்டுவிட்டேன்.