நித்தியகல்யாணி என்கிற சுடுகாட்டு மல்லி

கிரிவலப் பாதையில் அழகு போதவில்லை என்பதைச் சாலை அழகுபடுத்தும் பிரிவு பலகட்ட ஆய்வுக்குப் பின் கண்டறிந்தது. நித்தியகல்யாணிச் செடி ஐந்நூறு நடுவதென்று முடிவாயிற்று. வறண்ட கடற்கரையில் பிறந்த குறுஞ்செடி. தண்ணீர் கேட்காது, உப்புக்காற்றைத் தாங்கும் என்றது கோப்பு. திருவண்ணாமலையில் உப்புக்காற்று கிடையாது. அது கோப்பின் குற்றமல்ல.

ஆர்டர் ரேணுகாம்பாளுக்குக் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் கூடையில் கறிவேப்பிலைக் கன்று விற்று ஆரம்பித்தவள், இன்று வேங்கிக்காலில் அரை ஏக்கர் நர்சரி வைத்திருக்கிறாள். பேரத்தில் அவளை ஜெயித்தவர் இல்லை. அவள் கோபப்பட்டால் கிட்டே போனவரும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை ஐந்துக்குள் செடியை ஒப்படைக்காவிட்டால் அவள் நர்சரி கறுப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு ஜென்மத்துக்கும் சர்க்கார் ஆர்டர் கிடையாது.

வெள்ளி காலையிலேயே வேனில் கொண்டுபோய்ப் பிரிவு அலுவலகத்தில் இறக்கினாள். கண்காணிப்பாளர் உமாமகேஸ்வரன் சீட்டைப் பார்த்தார். அதில் அவள் கையெழுத்தில் 'சுடுகாட்டு மல்லி - 500' என்றிருந்தது.

"ஏம்மா, நாங்க கூப்பிட்டது நித்தியகல்யாணியை. இது யாரு?"

"ரெண்டும் ஒண்ணுதான் சார். எங்க பக்கம் அப்படித்தான் சொல்வோம்."

"நீ சொன்னா ஆச்சா? 'இருவரும் ஒருவரே'னு சர்டிபிகேட் வேணும்."

"சார், அது செடி!"

"செடின்னா சட்டத்துக்கு மேலயா?"

ரேணுகாம்பாள் பல்லைக் கடித்துக்கொண்டு சான்றிதழ் அலுவலகத்துக்கு ஓடினாள். அங்கே எழுத்தர் கண்ணாயிரம் படிவத்தை விரித்தார்.

"சொந்த ஊரு?"

"மடகாஸ்கர்ன்றாங்க. கடலோரமா."

"வெளிநாடா? எப்ப வந்தாங்க?"

"எங்க தாத்தா பொறக்கறதுக்கு முன்னாடி."

"அப்ப நம்ம ஆளுதான். கல்யாணம்?"

"நித்தியமா ஆயிட்டே இருக்கு."

"சுடுகாட்டுலனு போட்டிருக்கே. இறந்துட்டாங்களா?"

"யோவ், உயிரோடதான் இருக்குது!"

"அப்ப நேர்ல வரணும்."

ஒரு செடியைப் பையோடு கொண்டுவந்து மேஜையில் தொப்பென்று வைத்தாள். அது ஒரு பூவை உதிர்த்தது. கண்ணாயிரம் அதையே கைரேகையாக ஏற்று, பத்து நிமிஷத்தில் முத்திரை குத்திக் கொடுத்தார்.

மணி மூன்று. உமாமகேஸ்வரன் சான்றிதழைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். பிறகு கண்ணாடியை இறக்கினார்.

"செடி சரி. ஆதார்ல ரேணுகாம்பாள், சீட்டுல ரேணுகான்னு கையெழுத்து. நீ யாரு?"

மறுபடி கண்ணாயிரம்.

"மனுஷங்களுக்கு மூணு மாசம் ஆகும்மா. ஜாஸ்தி கூட்டம். செடிக்குத்தான் பத்து நிமிஷம்."

"அப்ப நான் செடி."

கண்ணாயிரம் அசரவில்லை. "என்ன செடி?"

"பூக்கிற குறுஞ்செடி. ஒரு சொட்டு தண்ணி எவனும் ஊத்தல, தானா வளர்ந்தவ. எழுதுய்யா."

"உயரம்?"

"அஞ்சடி."

"குறுஞ்செடிக்கு ரெண்டடிதான்."

"மூணு போடு."

"கட்டாது. ரெண்டே கால்."

"ரெண்டரை. இல்லன்னா எந்திரிக்க மாட்டேன்."

ரெண்டரைக்கு முடிந்தது. நாலு ஐம்பதுக்குச் செடிகள் ஒப்படைக்கப்பட்டன. நர்சரி பிழைத்தது.

விஷயம் அன்றே ஊருக்குள் பரவியது. பட்டாவுக்குப் பதினோரு வருஷமாக நடந்த மூர்த்தி திங்களன்று செடியானார். புதன்கிழமை பட்டா கையில். பாஸ்போர்ட்டில் ஓரெழுத்து தப்பிப்போன நசீமா குடும்பத்தோடு செடியானாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வேன் வைத்து வந்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் அரசமரமாகப் பதியக் கேட்டு, 'குறுஞ்செடிகளுக்கு மட்டும்' என்று திருப்பி அனுப்பப்பட்டார். இன்னும் மனிதராகவே இருப்பவர்களுக்குக் கல்யாண மண்டபத்தில் முன்வரிசை கிடைக்கவில்லை. பையன்கள் பைக்கில் 'செடி' என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டார்கள்.

அப்போது சுற்றறிக்கை வந்தது: 'பதிவுபெற்ற செடிகள் அனைத்தும் பௌர்ணமிக்குள் கிரிவலப் பாதையில் நடப்பட வேண்டும்.'

எதிர்ப்பு எதுவும் எழவில்லை. சான்றிதழ் ரத்தாகிவிடுமே! குறித்த நாளில் ஜெராக்ஸ் காப்பிகளோடு எல்லாரும் வந்து வரிசையாகக் குழியில் இறங்கினார்கள். நிழல் பக்கம் இடம் கேட்டு இரண்டு பேர் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். ரேணுகாம்பாளும் இறங்கினாள். இறங்கியவள் குனிந்து குழியை ஜாண் போட்டு அளந்தாள். முகம் சிவந்தது.

"யோவ் மேஸ்திரி! போர்டுல குழி ஆழம் மூணடின்னு போட்டுட்டு ஒண்ணரை அடி தோண்டியிருக்க? யாரை ஏமாத்தற? இங்க எவளும் இளிச்சவாய் கிடையாது!"

பாதை நெடுக ஜனங்கள் ஜாண் போட்டார்கள். எல்லாக் குழியும் கம்மி. "மூணடி வேணும், மூணடி வேணும்!" என்று மலையே அதிரக் கத்தினார்கள். உமாமகேஸ்வரன் நடுங்கிப்போய் உடனே ஆழப்படுத்தச் சொன்னார்.

முழங்கால் வரை இருந்த மண் இடுப்புக்கு ஏறியது. ஊர் ஜெயித்த சந்தோஷத்தில், வெளியே மிச்சமிருந்த கைகளால் எல்லாரும் தட்டினார்கள்.