மீசைக்கு வந்த சோதனை

"அசையாம நில்லுங்க, பவுடர் உதிருது" என்றாள் மனைவி.

பேருந்துப் பணிமனை மேற்பார்வையாளர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மீசை பிளாஸ்திரிக்கு அடியில் இருந்தது. அதன் மேல் தோல் நிறத்தில் பவுடர், அதற்கும் மேல் சோப்பு நுரை.

எல்லாம் மச்சான் செய்த வேலை. கேமரா முன்னால் மீசையை மழித்தால் குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் பணம் சேரும் என்று ஒரு சவால், போன் போனாகப் பரவிக்கொண்டிருந்தது. அதில் இவரையும் கோத்துவிட்டான். நன்கொடையை அன்றே அனுப்பிவிட்டார், பாவம். மீசையைக் கொடுக்கத்தான் மனசு வரவில்லை. அதை ஒரு தடவு தடவினாலே டிரைவர்கள் அடங்கிவிடுவார்கள். அது போனால் யார் மதிப்பார்கள்?

அதனால்தான் இந்தத் தில்லுமுல்லு.

மனைவி போனைத் தூக்கிப் பிடிக்க, ரேசரை எடுத்தார். பவுடர் மூக்கில் ஏறியது. ஒரே தும்மல்! பிளாஸ்திரி பறந்துபோய்க் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள, மீசை முறுக்குக் குலையாமல் வெளியே வந்தது.

"வீடியோவை அழிச்சுடு, சீக்கிரம்!"

"எதை அழிக்க? லைவ்லதானே போயிட்டிருக்கு! என் தம்பிகூட கைதட்டறான் பாருங்க."

மறுநாள் பணிமனையில் வழக்கம்போல மீசையைத் தடவினார். டிரைவர்கள் ஒவ்வொருவராகத் தும்மினார்கள்.

மானம் கப்பலேறிவிட்டது. மதியமே சலூனுக்குப் போய்க் கண்ணை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். திரும்பி வந்தபோது பணிமனைக் காவலாளி வாசலிலேயே நிறுத்தினார்.

"யாரைப் பார்க்கணும், தம்பி?"

இனி அந்தக் குழந்தைகளிடமே மன்னிப்புக் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். வருவதாக வார்டுக்குப் போனில் சொல்லிவிட்டு, பழங்களோடு போனார்.

நர்ஸ் மறித்தார். "இப்ப உள்ள விட முடியாது சார். மீசைக்காரர் வரப்போறாரு. அவர் தும்மினதைப் பார்த்துத்தான் பிள்ளைங்க ரொம்ப நாளைக்கப்புறம் சிரிச்சாங்க."

எட்டிப் பார்த்தார். கட்டிலுக்குக் கட்டில் முடி கொட்டிய தலைகள். எல்லார் மூக்குக்குக் கீழேயும் ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த முறுக்கு மீசை.

"நான்தாம்மா அது" என்றார். "எடுத்துட்டேன்."

வரைந்த மீசைகளுக்குக் கீழே சிரிப்புகள் வாடின. இங்கே வந்து, இருந்த சிரிப்பையும் கெடுத்துவிட்டோமே என்று அவருக்கு அழுகை முட்டியது.

முதல் கட்டில் சிறுமி பேனாவின் மூடியைத் திறந்தாள்.

"அழாதீங்க அங்கிள், எங்க முடி மாதிரி அதுவும் திரும்ப வளரும். அதுவரைக்கும் குனிங்க, நான் வரைஞ்சு விடறேன்."