ஆட்சேபணை இல்லாத நிறம்

எங்கள் ஊர் நகர்மன்றத்துக்கு முன்னால் ஒரு பூப்பாத்தி உண்டு. நீளம் பதினெட்டு மீட்டர், அகலம் மூன்று மீட்டர், கடல்மட்டத்துக்குக் கீழே இரண்டு மீட்டர். இந்த மூன்று அளவுகளைப் பற்றியும் இதுவரை யாரும் சண்டையிட்டதில்லை. சண்டை வந்தது நிறத்தைப் பற்றி.

நகராட்சித் தோட்டக்காரர் ஹார்மென் ஸ்வார்ட் அடுத்த மே மாதம் ஓய்வு பெற இருந்தார். இருபத்திரண்டு வருஷம் தன் கொல்லையில் இனம் கலந்து விதைபோட்டு அவர் ஒரு புதுத் துலிப்பை உருவாக்கியிருந்தார். இதழின் அடியில் செம்பு நிறம், விளிம்பில் வெண்ணெய் நிறம். அது ஒரே ஒரு வசந்தம் நகர்மன்ற வாசலில் பூத்து நிற்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. மூவாயிரம் கிழங்குகளை நகராட்சிக்கு இனாமாக எழுதிக் கொடுத்தார். அங்கேதான் தவறு செய்தார். கொடுத்ததை ஆராய ஓர் அலுவலர் இருந்தார்.

பொதுவெளி வண்ண இணக்க அலுவலர் திருமதி யாகோமீன் வெல்தௌஸ், ஒருவர்கூட வருத்தப்படாத முடிவே முடிவு என்ற கொள்கை உடையவர். ஊர்க்கூட்டம் கூட்டினார். ஆளுக்கொரு காபி, ஒரு பிஸ்கட். உடனே டப்பா மூடப்பட்டது. ஆரஞ்சு அரச குடும்பத்தின் நிறம், செம்பு அதற்கு நெருங்கிய சொந்தம், ஆகவே அரச குடும்பத்துக்குச் சாய்வு என்றார் ஒருவர். மஞ்சள் பக்கத்து ஊர்க் கால்பந்து அணியுடையது. வெள்ளை சாவு வீட்டுக்குரியது. மொத்தம் முப்பத்தேழு ஆட்சேபணைகள். அதில் ஒன்று என்னுடையது: துலிப் துருக்கியரிடமிருந்து வந்த பூ என்பதைக் குறிப்பேட்டில் பதிய வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தேன்.

நவம்பர் பிறந்தது. ஹார்மென் அலுவலகம் போனார்.

"மேடம், மண்ணு இறுகுறதுக்குள்ள ஊனணும். கிழங்கு குளிர்ல கெடந்தாத்தான் பூக்கும்."

"ஆட்சேபணைக் காலம் ஆறு வாரம், ஹார்மென். அதுவரைக்கும் மண்ணைத் தொடக்கூடாது."

"பனிக்கு யாரு மேடம் கடிதம் போடுறது?"

இது முப்பத்தெட்டாவது ஆட்சேபணையாகப் பதிவானது.

அடுத்த ஞாயிறு காலை, ஊர் பாதி தேவாலயத்திலும் பாதி படுக்கையிலும் இருந்தபோது, ஹார்மென் மூவாயிரத்தையும் ஊன்றிவிட்டார். ஆட்சேபணைகளை ஆராய அலுவலர் அமைத்த குழு குளிர்காலம் முழுவதும் காலியான பாத்தியைப் பற்றிக் கூடிக் கூடிப் பேசியது. மார்ச்சில் முளை தெரிந்தபோது, 'பசுமை. ஆட்சேபணை இல்லை' என்று குறித்துக்கொண்டது.

ஏப்ரலில் பூத்தது. இரண்டு நாள் ஊரே வந்து படம் பிடித்தது. ஹார்மென் மண்வெட்டியில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாம் நாள் உத்தரவு வந்தது: அனுமதி பெறாத நிறம், நகராட்சிச் சொத்தான தாவரத்துக்குச் சேதமின்றி, அகற்றப்பட வேண்டும்.

நிறத்தை மட்டும் எப்படி அகற்றுவது என்று அலுவலருக்குத் தெரியவில்லை. ஹார்மெனுக்குத் தெரியும். கிழங்கு பருக்கப் பூவின் தலையை வெட்டிவிடுவது எங்கள் வயல்களில் வருஷா வருஷம் நடப்பது.

"தலையைக் கிள்ளிட்டா நிறம் போயிடும், செடி நிக்கும். போதுமா?"

"சொத்துக்குச் சேதமில்லையே?"

"கிழங்குக்குக் கொண்டாட்டம், மேடம். எனக்குத்தான்..." என்றவர், கத்தியை எடுக்கப் போனார்.

மூவாயிரம் பச்சைக் காம்புகள் மிஞ்சின. ஒரே ஒரு ஆட்சேபணைகூட வரவில்லை. நகராட்சி வரலாற்றில் இது முதல் முறை. தலைநகரத்துத் தோட்டப் பத்திரிகை வந்து, 'அடக்கத்தின் அழகு' என்று எழுதியது. ஒரே வாரத்தில் பக்கத்து ஊரிலும் தலை வெட்டினார்கள். எங்கள் தெருவில் பூ வைத்திருப்பது கொஞ்சம் ஆடம்பரமாகிவிட்டது.

ஹார்மெனின் பிரிவுபசார விழாவில் அவரை 'பூவற்ற தோட்டத்தின் தந்தை' என்று புகழ்ந்தார்கள். இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள். அவர் என் பக்கம் குனிந்து, "உங்களுக்குப் பத்துக் கிழங்கு குடுத்தேனே, நெழல்ல இருக்கறதால இப்பத்தான் பூத்திருக்கும். நாளைக்கு வந்து பாக்கறேன்" என்றார்.

பூத்துத்தான் இருந்தன, பத்தும். அன்று மாலை அவற்றின் முன் நின்றிருந்தேன். பக்கத்து வீட்டம்மாள் வேலிக்கு மேலாகப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். நான் உள்ளே போய்க் கத்தரிக்கோலை எடுத்துவந்தேன்.

மறுநாள் ஹார்மென் வந்தார். பத்துக் காம்புகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"கிழங்கு நல்லாப் பருக்கும்" என்றார்.