எந்தத் தையல் மெஷின் வாங்குவது என்று கேட்ட தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் அப்படியே என்று அடுத்த வரியில் எழுத வேண்டும். முப்பத்தோரு வருஷம் தீவிபத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியில் சேதம் மதிப்பிட்ட எனக்கு, நேரில் பார்க்காததை எழுதிப் பழக்கமில்லை. ஆகவே அந்த வரியை விட்டுவிட்டு உன் கேள்விக்கு வருகிறேன்.

திரைச்சீலை, தலையணை உறை, பேத்திக்குக் கவுன் என்று இனி வீட்டிலேயே தைக்கப்போவதாகவும், எந்த மெஷின் நல்லது, ஊசி எந்த நம்பர் என்று அண்ணியிடம் கேட்டு எழுதும்படியும் சொல்லியிருந்தாய். அண்ணியை எதற்குக் கேட்க வேண்டும்? இரண்டு மாதத்தில் மூன்று மெஷின் வாங்கி, அதில் இரண்டைத் திருப்பிக் கொடுத்து, பத்தொன்பது ஊசி ஒடித்தவன் நான். நானே சொல்கிறேன்.

உன் அண்ணிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்தபோது நீ ஆஸ்பத்திரிக்கு வந்து இரண்டு நாள் இருந்தாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அவள் வீடு திரும்புவதற்குள், ஏற்றி இறக்கும் கட்டில் ஒன்றை வாடகைக்கு எடுத்தேன். அதைப் போட இடம் வேண்டும். ஜன்னலோரம் அவளுடைய மிதி மெஷின் நின்றது. இனி மிதிக்கக் காலும் இல்லை, துணி பிடிக்கக் கையும் இல்லை, பார்த்தால் மனசு கஷ்டப்படும் என்று முன்யோசனையோடு பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டு வண்டியில் ஏற்றிவிட்டேன். நான் முன்யோசனையோடு செய்த காரியங்கள் வாழ்க்கையில் கொஞ்சம்தான். எல்லாமே இந்த ரகம். வீட்டுக்கு வந்தவள் இரண்டு நாள் அந்த ஜன்னலையே பார்த்தாள். மூன்றாம் நாள், வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, மெஷின் எங்கே என்று கேட்டாள். காரணங்களை வரிசையாகச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டு, "எனக்குத்தான் கை போச்சு. மெஷினுக்கு என்ன வந்துச்சு?" என்றாள். ஆபீசில் இப்படி ஒரு கேள்வி வந்தால் கோப்பை மேலதிகாரிக்கு அனுப்பிவிடுவோம். வீட்டில் அந்த வசதி இல்லை.

அவளைக் குளிப்பாட்டி உடுத்திவிட ஓர் அம்மாள் வருகிறாள். எட்டு மணிக்கு வருவதாகப் பேச்சு, வருவது ஒன்பதேகாலுக்கு. அதனால் அவளுக்கு 'எட்டு மணி' என்றே பெயர் வைத்துவிட்டோம். நல்லவள், பலசாலி. அசையாத கை, பிறகு தலை, பிறகு நல்ல கை என்று தலையணைக்கு உறை போடுவதுபோல மூன்று இழுப்பில் சட்டையை மாட்டிவிடுவாள். உன் அண்ணியைவிட நாலு வயது மூத்தவள், ஆனாலும் உன் அண்ணியைத்தான் 'பாட்டி' என்று கூப்பிடுவாள். அவள் வரும்வரை உன் அண்ணி கதவைச் சாத்தச் சொல்லிவிட்டு, நேற்றைய சட்டையில், யார் வந்தாலும் தூங்குகிறாள் என்று சொல்லச் சொல்லி உட்கார்ந்திருப்பாள். நான் மாட்டிவிடுகிறேன் என்றேன், வேண்டாம் என்றாள். எலாஸ்டிக் வைத்த பைஜாமாவை ஒரு கையால் ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டாள், மேல்சட்டைதான் வம்பு. உங்களுக்கு முதலில் எது திரும்ப வர வேண்டும் என்று டாக்டர் கேட்டபோது நடையைச் சொல்வாள் என்று நினைத்தேன். "அவ வர்றதுக்குள்ள நானா ஒரு சட்டைய மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கணும். அது போதும்" என்றாள். டாக்டர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

கடைகளில் விற்பதெல்லாம் இரண்டு கை உள்ளவர்களுக்கான சட்டை. தெருக்கோடி டெய்லர் வீட்டுக்கே வந்து அளவெடுப்பதாகச் சொன்னார்; அந்தக் கையை இன்னோர் ஆள் தூக்கிப் பிடிப்பதற்கு இவள் சம்மதிக்கவில்லை. ஆகவே நானே தைப்பது என்று முடிவாயிற்று. முடிவு செய்தவனும் நான்தான்.

முதலில் வாங்கியது ஒரு கையால் தூக்கக்கூடிய பிளாஸ்டிக் மெஷின். எடை குறைவு என்பதைக் கடைக்காரர் ஒரு சிறப்பாகச் சொன்னார், நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன். நாலு மடிப்புத் துணியைக் கொடுத்ததும் அது முனகியது, பிறகு துணியை விட்டுவிட்டுத் தானே மேஜையில் நகர ஆரம்பித்தது. ஆகவே தங்கச்சி, தையல் மெஷினுக்கு எடை ஒரு குணம். உள்ளே இரும்புச் சட்டம் இல்லாததை வாங்காதே, உன் துணியையே கடைக்குக் கொண்டுபோய்த் தைத்துப் பார்க்காமலும் வாங்காதே. இரண்டாவது, திரையோடு கூடியது. இருநூற்று நாலு வகைத் தையல் போடும், அதில் ஒன்று வாத்து வரிசை. இந்த வயதில் எனக்கு வாத்தால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. வீட்டுத் தையலுக்கு நேர்த்தையல், ஓரம் பிரியாமலிருக்க ஜிக்ஜாக், பட்டன் துளை, இந்த மூன்றும் ஒழுங்காக வந்தால் போதும். மூன்றாவது, கனத்த மெஷின், மோட்டார் வைத்தது. கடையில் அது ஜீன்ஸ் துணியை எட்டு மடிப்பில் தைத்ததை என் கண்ணால் பார்த்தேன். வீட்டில் ஒரு கைக்குட்டையைத் தைக்கவில்லை. நாலு தையல் போடும், ஆறு தையல் தாண்டும். முதல் இரண்டும் வீட்டுக்கு வந்ததும் இதே நோயைக் காட்டின என்பதால், கடைக்காரர் என்னை ஏமாற்றுகிறார் என்ற முடிவுக்கு வந்து ஐந்து பக்கத்தில் புகார் எழுதினேன்.

நடுவில் ஊசியை மாற்றிப் பார்த்தேன். கனமானது உறுதியாக இருக்கும் என்று பதினெட்டாம் நம்பர் போட்டேன். மெல்லிய பருத்தித் துணியில் அது தைக்கவில்லை, ஓட்டை போட்டது. ஒன்பதாம் நம்பரைக் கனத்த துணியில் விட்டேன், ஒடிந்த முனை பறந்து வந்து என் கண்ணாடியில் பட்டது. கண்ணாடி போடாதவனாக இருந்தால் இந்தக் கடிதம் வேறு யாராவது எழுத வேண்டியிருக்கும். ஆகவே மெல்லியதற்குப் பதினொன்று, சாதாரணப் பருத்திக்குப் பதினாலு, ஜீன்ஸுக்குப் பதினாறு. இழுத்தால் நீளும் பனியன் துணிக்கு முனை உருண்டையான ஊசி தனியாக விற்கிறது, அதைக் கேட்டு வாங்கு. மழுங்கின ஊசியை வைத்துக்கொண்டு மெஷினைத் திட்டாதே. இத்தனையும் சரியாகச் செய்தேன். தையல் தாண்டிக்கொண்டே இருந்தது.

புகாருக்குப் பதிலாகக் கடைக்காரர் ஒரு மெக்கானிக்கை அனுப்பினார். ஒல்லியான மனிதர், ஒரு காதில் பஞ்சு. வந்தார், மெஷின் முன்னால் குனிந்தார், ஊசித் திருகைத் தளர்த்தி ஊசியை அரை வட்டம் திருப்பி இறுக்கினார், ஒரு முழம் தைத்துக் காட்டினார். செருப்பைக் கழற்ற அவருக்கு இதைவிட நேரம் ஆகியிருந்தது.

"சார், புது மெஷின்ல ஊசியக் கழட்டினது யாரு?" என்றார்.

நான்தான். எதையும் ஏற்றுக்கொள்ளுமுன் பிரித்துப் பூதக்கண்ணாடியில் பார்த்துக் குறிப்பெடுப்பது என் தொழில் ஒழுக்கம். மூன்று மெஷினிலும் வந்த அன்றே ஊசியைக் கழற்றி, அளந்து, திரும்ப மாட்டியிருந்தேன். ஊசியின் தலைப்பக்கம் ஒருபுறம் தட்டையாக இருக்கும், இந்த மெஷின்களில் அது பின்னால் பார்க்க வேண்டுமாம். மூன்றிலும் நான் அதை என்னைப் பார்க்க வைத்திருந்தேன். புது ஊசி போட்டபோதெல்லாம் அப்படியே போட்டேன். தவறிலும் ஒரு ஒழுங்கு இருந்தது.

மெக்கானிக் கட்டிலைப் பார்த்து, அம்மாவுக்குத் தையல் தெரியுமா என்றார். உன் அண்ணி சிரித்தாள். அசைகிற பாதி முகத்தால். வீடு வந்தபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

"மொத நாளே பாத்தேன்" என்றாள்.

"பாத்துட்டு ஏன் சொல்லல?" என்றேன்.

"கேப்பீங்கன்னு ரெண்டு மாசமா இருக்கேன்."

மெக்கானிக் தன் பையை எடுத்துக்கொண்டு, தேநீர்கூட வேண்டாமென்று கிளம்பிவிட்டார். ஊசி விஷயம் தெளிந்துவிட்டபடியால், இனி அவளைக் கேட்க ஒன்றுமில்லை என்று எனக்குப் பட்டது. சட்டையின் அமைப்பை நானே வரைபடம் போட்டேன்.

முதல் சட்டைக்கு இரண்டு கையும் இடக்கையாக அமைந்துவிட்டன. இரண்டாவதற்கு முன்பக்கம் வெல்க்ரோ என்கிற ஒட்டுநாடா வைத்தேன்; அவள் எழுந்தபோது போர்வையும் கூடவே எழுந்தது. மூன்றாவதை நானே கிழித்துவிட்டேன். நாலாவது பனியன் துணி, உருண்டை ஊசி, தையலில் ஒரு குறை சொல்ல முடியாது, கழுத்துதான் கொஞ்சம் சின்னது. கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்த்தாள். இருபது நிமிஷம் சத்தமே இல்லை. உள்ளே வரட்டுமா என்றேன். வராதீங்க என்ற குரல் துணிக்குள்ளிருந்து வந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் துணி கிழிகிற சத்தம். பல்லால் கிழித்திருக்கிறாள். ஐந்தாவதிலிருந்து எட்டாவது சட்டை வரை, வெளிச்சத்தில் ஒரு தடவை தூக்கிப் பார்த்துவிட்டு, "நாளைக்குப் பாக்கலாம்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். அவள் களைத்துப்போய்விட்டாள் என்று பயமாக இருக்கிறது. உடம்பில் இல்லை, இந்த விஷயத்தில்.

ஆனால் ஒன்பதாவது வேறு மாதிரி. பக்கவாட்டில் அக்குள்வரை திறப்பு, பெரிய கொக்கி மூன்று, வளையம் கோத்த ஜிப். இன்று மாலை முடித்து, இஸ்திரி போட்டு, கட்டிலருகே நாற்காலியில் மாட்டிவைத்திருக்கிறேன். நாளை 'எட்டு மணி' வரும்போது உன் அண்ணி அந்தச் சட்டையில்தான் உட்கார்ந்திருப்பாள். ஆகவே நீ தைரியமாக மூன்றாவது ரகத்தையே வாங்கு, பதினாலாம் நம்பர் ஊசி ஒரு பெட்டி வாங்கு, எதையும் கழற்றிப் பார்க்காதே.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள், பேத்தியின் கவுனுக்கும் சேர்த்து. உனக்கு இரண்டு கையும் கடைசிவரை நன்றாக இருக்கட்டும். இதைவிடப் பெரிய வாழ்த்து இப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறையை ஒட்டாமல் வைத்தது நல்லதாயிற்று. மேலே எழுதிய எதையும் நம்பி மெஷின் வாங்கிவிடாதே. இன்று காலை எட்டு அடிக்கக் கால்மணி இருக்கும்போது கூப்பிட்டாள். போனேன். கட்டில் விளிம்பில், தலை வாரி, சட்டை போட்டு உட்கார்ந்திருந்தாள். என் சட்டை. பட்டனைக் கழற்றச் சோம்பல்பட்டுத் தலை வழியாக உருவிப் போடுவது என் வழக்கம், முப்பத்தெட்டு வருஷமாக அதற்கு அவளிடம் திட்டு வாங்குகிறேன். நேற்றும் அப்படித்தான் உருவி அவள் கால்மாட்டில் போட்டிருக்கிறேன். பட்டன் மாட்டியபடியே தொளதொளவென்று கிடந்ததில் அந்தக் கையைச் செருகி, தலையை நுழைத்து, தானாகவே வெளியே வந்துவிட்டாள். மெஷினும் இல்லை, ஊசியும் இல்லை. ஒன்பதாவது நாற்காலியிலேயே இருந்தது. அதில் என்ன குறை என்றேன். "போட்டுப் பாருங்க" என்றாள். போட்டேன். இரண்டு கையும் சரியாக உள்ள எனக்கு, ஜிப் கொக்கியில் மாட்டி, வலது கை காதோடு ஒட்டி, தலை அக்குளுக்குள் நின்றுவிட்டது. அவள் ஒரு கையால் முடிந்ததைச் செய்து பார்த்தாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஒன்பதேகாலுக்கு 'எட்டு மணி' வந்து, உடுத்தி உட்கார்ந்திருப்பவளைப் பார்த்துச் செய்ய வேலையில்லாமல் கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு என் பக்கம் திரும்பினாள். என்னைக் கேட்காமலே கையைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தாள். இரு, இரு என்று உள்ளேயிருந்து சொன்னேன், அவள் நிறுத்தவில்லை. வெளியே உன் அண்ணியின் குரல் கேட்டது, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக.

"கண்ண மூடிக்குங்க. தெனமும் நான் அதத்தான் பண்ணினேன்."