நீங்கள் அனுப்பிய கொய்யாக் கிளையில் வந்தது

மூக்கண்டப்பள்ளி,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள ஊத்தங்கரை மாமாவுக்கு மோகனப்ரியா எழுதுவது. நாங்கள் நலம். நீங்களும் அத்தையும் ஆடுகளும் நலம் என்றே வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். போனில் எனக்குப் பேச வராது, அதனால் இதைக் கண்டக்டர் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன்.

காற்றே இல்லாதபோது ஜன்னல் கம்பியில் ஒரு குச்சி ஆடியது. கிட்டே போனால் அதற்குக் கால்கள் இருந்தன. கிளையோடு கொய்யாப்பழம் அனுப்பினீர்களே, அதிலிருந்து இறங்கிய குச்சிப்பூச்சி. அது வீட்டுக்கார நாராயணம்மாவின் கொய்யா மரத்துக்குப் போய்விட்டது, அடுத்த வாரம் மரத்தில் ஒரு பக்கம் இலையே இல்லை. "உங்க ஊருப் பூச்சிதானே மேஞ்சிருக்கு? ஞாயித்துக்கெழமைக்குள்ள வீட்டைக் காலி பண்ணுங்க" என்று அவர் வந்து நின்றார். அம்மா அவருடைய ரோஜாச் செடியில் விரல் தடிமனுக்கு உட்கார்ந்திருந்த வெட்டுக்கிளியைக் காட்டி, அது எந்த ஊர் என்று கேட்டாள். அவர் மகன் பிரேம்குமார் கம்பெனியில் குவாலிட்டி பார்ப்பவர், அளக்காமல் எதையும் நம்பமாட்டார். இரண்டையும் பிடித்து வெர்னியர் அளவுகோலில் அளந்தார். வெட்டுக்கிளிக்கு மட்டும், "மீசையால யாரும் தின்னறதில்ல, அதைக் கழிச்சிடு" என்றார் நாராயணம்மா. நம்முடையதற்கு வெர்னியரே பத்தவில்லை. நீளத்தில் ஜெயித்தோம், அதாவது தோற்றோம். "நீளமா இருந்தா நெறைய தின்னுமா? எந்தம்பியுந்தான் நெட்டை, ரெண்டு இட்லிக்கு மேல எறங்காது" என்று அம்மா உங்களைச் சாட்சிக்கு இழுத்தாள்.

கடைசியில் இரண்டு ஸ்வீட் டப்பாவில் ஓட்டை போட்டு, ஒரே அளவு கொய்யா இலை வைத்து, நேற்றுக் காலை முதல் சாயங்காலம் வரை என்னைக் காவலுக்கு உட்கார வைத்தார்கள். பள்ளிக்கூடமும் போகாமல் கம்பெனிக்கும் போகாமல் இருப்பது நான் ஒருத்திதான். வெட்டுக்கிளி மத்தியானத்துக்குள் இலைகளை நரம்பாக்கிவிட்டது. நம்முடையது கல்யாண வீட்டில் பெண்ணின் அப்பா மாதிரி ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் நின்றது. "நீ சொல்லும்மா, எது தின்னுச்சு?" என்று நாராயணம்மா கேட்டார். நான் வெட்டுக்கிளிப் பக்கம் விரலை நீட்டினேன். வீடு தப்பித்தது. சாமான் ஏற்ற ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அம்மா போனில் கேட்டாளே, அந்தக் குட்டியானை வண்டியை நீங்கள் கொண்டு வர வேண்டாம். அத்தைக்கு வணக்கம், ஆடுகளுக்குத் தலையில் ஒரு தடவல்.

இப்படிக்கு,
மோகனப்ரியா

பின்குறிப்பு: நம் பூச்சி ராத்திரியில்தான் தின்னும் போல, விடிந்து பார்த்தால் டப்பாவில் ஓர் இலைகூட இல்லை. அடியில் கிடந்ததைக் கொத்தமல்லி விதை என்று நினைத்து, சமாதானத்துக்கு அடையாளமாக அம்மா நாராயணம்மாவிடம் கொடுக்க, அவர் அதைக் கொய்யா மரத்தடியில் தூவித் தண்ணீரும் விட்டுவிட்டார். பூச்சியின் வால் பக்கத்திலிருந்து இன்னொரு விதை விழுவதை இப்போதுதான் பார்த்தேன். அதனால் மேலே எழுதியதைப் படிக்க வேண்டாம், மாமா. நான் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிட்டேன்.