நெட்டப்பாக்கம் மோட்டாருக்குள் இருக்கும் பதில்

புதுச்சேரியில் எங்கள் பாகூர் கொம்யூனின் ஊர்களை முழுக்கச் சலித்தாலும், தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற ஆள் ஒருவர்தான் தேறுவார். அவர் காயில்காரர். மழை எப்போது விடும் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு நேரம் சொல்வார்கள். இவர் மட்டும் "தெரியலபா" என்பார். கரிந்துபோன பம்புசெட் மோட்டாரைப் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பிக் காயில் சுற்றித் தருவது தொழில். சொந்தப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஏம்பலம் வளைவில் ஸ்கூட்டரோடு விழுந்து நான் கால் எலும்பை முறித்துக்கொண்டேன். ஆறு மாதமாகியும் கூடவில்லை. சர்க்கரை இறங்கட்டும், மூன்று மாதம் கழித்து ஆபரேஷன், இடுப்பெலும்பைக் கொஞ்சம் எடுத்துக் காலில் வைக்கலாம் என்றார் டாக்டர். என் கை தானாக இடுப்பைப் பிடித்துக்கொண்டது. அதுவரை வேண்டுமானால் விட்டுவிட்டுக் காந்த அலை அனுப்பும் மெஷினைக் காலில் கட்டிப் பாருங்கள் என்றார்.

"கூடிடுமா டாக்டர்?"

"சில ஆராய்ச்சியில கூடுதுன்னு வருது. சிலதுல, கட்டினவங்களுக்கும் கட்டாதவங்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லைன்னு வருது. கெடுதல் கிடையாது."

ஒரு குழப்பத்தோடு போனவன் இரண்டோடு திரும்பினேன்.

வாடகைக்குக் கிடைத்தது ஒரே மெஷின். அதற்கு இன்னொரு காலும் காத்திருந்தது. செலியமேடு டிராக்டர் டிரைவர் அருளுக்கும் அதே முறிவு, அதே டாக்டர், அதே மூன்று மாதம். மெஷின் வேலை செய்யுமா, யார் கட்டிக்கொள்வது என்று கேட்க, அதைத் தூக்கிக்கொண்டு இருவரும் நொண்டிக்கொண்டே காயில்காரர் கடைக்குப் போனோம். அவர் மெஷினை ஓடவிட்டு, பக்கத்தில் திசைகாட்டியை வைத்தார். முள் துடித்தது.

"காந்தம் வருது. எலும்பு கூடுமா, தெரியலபா. கண்டுபுடிக்க ஒரு வழி கீது. இதே மாரி இன்னொரு டப்பா செய்றேன். லைட்டு எரியும், காந்தம் வராது. ஆளுக்கொண்ணு கட்டிக்குங்க."

"பொய் டப்பா எனுக்கு வந்துட்டா இன்னாண்ணே பண்றது?" என்றான் அருள்.

"இன்னா பண்றது, மூணு மாசம் எப்பிடியும் காத்துக்கினுதான இருக்கணும். வேணாம்னா சீட்டு குலுக்கி ஒருத்தர் எடுத்துக்குங்க."

சீட்டில் எனக்கு நம்பிக்கையில்லை, அதனால் டப்பாவுக்குத் தலையாட்டினேன். இரண்டும் ஒரே அதிர்ஷ்டம்தான் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எது நிஜம் என்று தனக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்றார் காயில்காரர். அவர் மனைவிதான் திசைகாட்டியை வைத்துப் பார்த்து, ஒன்றைப் பச்சைப் பையிலும் மற்றதைச் சிவப்புப் பையிலும் போட்டு, நிஜம் எந்தப் பையில் என்று ஒரு சீட்டில் எழுதி மடித்துக் கொடுத்தார். காயில்காரர் அதைப் பிரிக்காமலே மேஜையில் வைத்துக்கொண்டார். பச்சை எனக்கு, சிவப்பு அருளுக்கு.

அப்புறம்தான் சனி பிடித்தது. மற்றதெல்லாம் இருவருக்கும் ஒரே மாதிரி இருந்தால்தான் கணக்கு சரிவருமாம். எனக்கு சிகரெட் கிடையாது, அருளுக்கு பீடி கிடையாது. தினம் இரண்டு முட்டை. காலைத் தரையில் ஊன்றக்கூடாது. சாயங்காலமானால் காயில்காரர் மொபெட்டில் செலியமேடு போய் அருள் வாயை முகர்ந்துவிட்டு, நேரே என் வீட்டுக்கு வந்து என் வாயை முகர்வார். கட்டின மனைவிகூட என்னை அப்படிக் கண்காணித்ததில்லை.

மூன்று மாதம் முடிந்து எக்ஸ்ரே எடுத்தார்கள். எனக்குக் கூடியிருந்தது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொன்னதும் வெட்கமில்லாமல் அழுதேன். வெளியே வந்தால் அருளும் அழுதுகொண்டிருந்தான். அவனுக்கும் கூடியிருந்தது.

அப்படியென்றால் பொய் டப்பா யாருக்கு? இருவரும் கடைக்கு ஓடினோம், அதாவது மெதுவாக. டப்பாக்களைப் பைகளோடு முந்தின நாளே திருப்பிக் கொடுத்திருந்தோம். காயில்காரரின் மனைவி அவற்றை மேஜையில் கொட்டிவிட்டு, பைகளைச் சந்தைக்கு எடுத்துப் போயிருந்தார். இரண்டு டப்பாவும் அச்சு அசல் ஒன்று. எது நிஜம் என்று திசைகாட்டி சொல்லும், அது யார் காலில் இருந்தது என்று சொல்லாது.

"எந்தப் பையில எத்த வச்சன்னு கேட்டா? மூணு நாளுக்கு மின்ன வச்ச கொழம்பே எனுக்கு ஞாபகம் இல்ல," என்றார் அந்த அம்மா.

சரி, சீட்டு? காயில்காரர் மேஜையைக் கவிழ்த்துத் தேடினார். பிறகு தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மோட்டாரில் கம்பிக்கு அடியில் செருகுகிற கெட்டித் தாளில்தான் அந்த அம்மா எழுதியிருக்கிறார். இவரும் கைப்பழக்கத்தில் அதை எடுத்துச் செருகி, மேலே கம்பியும் சுற்றிவிட்டார். அந்த மோட்டார் நெட்டப்பாக்கத்தில் ஒரு கரும்புத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தது.

போய்க் கேட்டோம். தோட்டக்காரர் எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓடற மோட்டார ஒரு சீட்டுக்காவ எவனாவது பிரிப்பானா? எரிஞ்சா எடுத்தாரேன், போங்க."

அதுதான் சிக்கல். காயில்காரர் கட்டின மோட்டார் லேசில் எரியாது. இதற்குள் ஊரில் இரண்டு டப்பாவுக்குமே மகிமை உண்டு என்று முடிவாகி, ஒருவர் பல்வலிக்குக் கேட்டு வந்துவிட்டார். காந்தமா, முட்டையா, பீடியை விட்டதா, எது எலும்பைக் கூட்டியது என்று கேட்டால் காயில்காரர் சொல்வது ஒன்றுதான்: "தெரியலபா."

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வருகிறார். என் காலைத் தட்டிப் பார்த்து, வாயை முகர்ந்துவிட்டு, டீ குடிக்கிறார். "மோட்டாரு இன்னும் ஓடிக்கினுதான்பா கீது," என்று பெருமூச்சு விடுகிறார். நானும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்கிறேன்.

பஸ்ஸில் அந்தத் தோட்டத்தைத் தாண்டும்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்பேன். மோட்டார் ஓடினால் எனக்கு நிம்மதி. அது எரிந்து பதில் தெரிந்துவிட்டால், அப்புறம் அவர் எந்தச் சாக்கில் என் வீட்டுக்கு வருவார்?