கார் மட்டும் சுகமில்லை

பேரன்புக்குரிய மாப்பிள்ளை பஸ்தியான் அவர்களுக்கு,

வால்பெல் கிராமத்திலிருந்து மாமனார் ஒனோரே வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாமியார் யூகெத்தும் சுகம். மாடுகள் சுகம். பாரிஸில் நீங்களும், ஏழு மாத வயிற்றோடு இருக்கும் என் மகள் எலோடியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கார் மட்டும் சுகமில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருவரும் விருந்துக்கு வந்தபோது, முயல் குழம்பைத் துடைத்த ரொட்டித்துண்டும் கையுமாக எழுந்து வந்து, என்னுடைய பழைய டி.எஸ். காரின் மூக்கைத் தடவி, "என்ன அழகு மாமா!" என்றீர்கள். அப்போதே நான் உங்களுக்கும் காருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டேன். கிளம்பும் நேரத்தில் எலோடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "குழந்தை வரப்போகுது, எங்களுக்கும் ஒரு கார் வேணும்பா" என்றாள். எனக்கென்ன, புரியாதா? ஒரே மகள் கேட்டு இல்லை என்று சொல்லும் அப்பன் நானல்ல. தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தெரிந்தே மாப்பிள்ளையைக் குழியில் தள்ளினான் என்ற கெட்ட பெயர் எனக்கு வேண்டாம். அதனால்தான் இந்தக் கடிதம்.

இந்தக் காரை எண்ணெயும் காற்றும்தான் தாங்கி நிற்கின்றன. எஞ்சினை நிறுத்தினால் மெல்ல மெல்லத் தரையோடு படுத்துவிடும். மறுபடி எஞ்சினைப் போட்டால், பசு எழுந்திருப்பதைப் போல முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கம் என்று சாவகாசமாக எழும். அதற்குள் நாம் அவசரப்பட்டு ஒன்றும் ஆகாது. ஆகஸ்ட் திருவிழாவில் குலுக்கலின் முதல் பரிசாக ஒரு பெரிய சீஸ் வட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் வியர்க்கிறதே என்று பக்கத்து வீட்டு ஃபிர்மான் அதைக் காருக்கு அடியில் நிழலில் தள்ளிவைத்தான். நாங்கள் ஒரு கிளாஸ் குடித்தோம், அது தனியாக இருக்கக் கூடாதே என்று இன்னொரு கிளாஸும் குடித்தோம், அதற்குள் கார் சீஸின் மேல் உட்கார்ந்துவிட்டது. சாவி யூகெத்தின் கைப்பையில், யூகெத் கோயில் பூசையில். மேயரம்மா ஒலிபெருக்கியில் முதல் பரிசு என்று கூவுகிறார், பரிசைக் காணோம். "யோவ் ஒனோரே, உன் வண்டி பரிசை முழுங்கிடுச்சுய்யா!" என்று ஃபிர்மான் ஊருக்கே கேட்கும்படி கத்தினான். மேயரம்மா சிரிக்காமல், "வண்டியை எழுப்புறீங்களா, இல்ல வண்டியையும் சேர்த்துக் குலுக்கட்டுமா?" என்றார். கை தட்டினார்கள் மாப்பிள்ளை, என் ஊர்க்காரர்களே கை தட்டினார்கள். பூசை முடிந்து யூகெத் வந்த பிறகுதான் கார் எழுந்தது. பரிசு விழுந்த ஆள் நசுங்கிய சீஸைத் தூக்கிக்கொண்டு போனான், இன்றுவரை என்னைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறான்.

பிரேக் இன்னும் மோசம். மிதி கிடையாது, காளான் அளவுக்கு ஒரு ரப்பர் குமிழ்தான். அதை மிதிக்கக் கூடாது, மிதிக்கலாமா என்று கால் யோசித்தாலே போதும். உங்கள் மாமியாரின் தம்பி லூசியான், "தள்ளுங்க அத்தான், டிராக்டரே ஓட்டினவன் நான்" என்று உட்கார்ந்து, டிராக்டரை மிதிக்கிற மாதிரியே மிதித்தான். கார் நின்றது. பின்சீட்டில் பாதிரியார் மடியில் வைத்திருந்த கிரீம் கேக் நிற்கவில்லை, லூசியானின் பிடரியில் போய்த்தான் நின்றது. பாதிரியார் அப்போது சொன்ன வார்த்தையை நான் எழுதமாட்டேன், நீங்கள் சின்னவர். இதோடு முடிந்ததா என்றால் இல்லை. ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்விளக்குகளும் கூடவே திரும்பி வளைவைப் பார்க்கும். எங்கள் தெருமுனை வளைவில் இருப்பதோ தையற்காரி ஓதிலின் வீடு. தினம் சாயங்காலம் மஞ்சள் வெளிச்சம் அவள் ஜன்னலில் போய் விழுந்தால் நான் என்ன செய்ய? "வண்டி தானா திரும்புதா, நீங்க திருப்புறீங்களா?" என்று கேட்டுவிட்டு உங்கள் மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. உங்களுக்கும் எலோடிக்கும் நடுவில் இப்படி ஒரு சண்டை வேண்டுமா, சொல்லுங்கள்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. குண்டும் குழியுமான எங்கள் மலைப்பாதையில் மடியில் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு போகலாம், ஒரு சொட்டு தளும்பாது. எலோடி பிறந்த மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து இதில்தான் வீட்டுக்கு வந்தாள், வழியெல்லாம் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. அதை விடுங்கள், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நிதானமாக யோசியுங்கள். வேண்டாம் என்று பதில் எழுதினால் நான் துளியும் தப்பாக நினைக்கமாட்டேன், சந்தோஷமாகவே இருப்பேன், அதாவது உங்கள் நன்மைக்காக. எலோடியைப் படியேற விடாதீர்கள். பிறக்கப்போகும் செல்லத்துக்கு எங்கள் இருவருடைய முத்தங்களும் ஆசிகளும்.

என்றும் உங்கள் நலமே நாடும் மாமனார்,
ஒனோரே

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது எலோடி போன் செய்தாள். "அப்பா வண்டியை என்னிக்கு எடுத்துட்டுப் போறீங்கம்மா?" என்று யூகெத் கேட்டதற்கு, "அய்யோ, அந்தக் கிழட்டு வண்டியா? நாங்க கரண்ட் வண்டிக்குச் சொல்லியாச்சும்மா. அவர் சும்மா மரியாதைக்கு அழகுன்னு சொன்னாரு" என்றாளாம். மரியாதைக்கா? என் காரையா? மாப்பிள்ளை, மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளுங்கள். சீஸ் ஃபிர்மானின் தப்பு, பிரேக் லூசியான் காலின் தப்பு, விளக்கைப் பற்றி உங்களிடம் எழுதியது என் தப்பு. காருக்கு ஒரு குறையும் கிடையாது. வருகிற ஞாயிறு வாருங்கள், இதுவரை யாருக்கும் மனசாரக் கொடுக்காத சாவியை உங்கள் கையில் தருகிறேன். மலை ஏறி இறங்கிவிட்டு வந்து, மரியாதைக்கு அழகு என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், பார்க்கலாம். ஆனால் ஒன்று. குழந்தை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வருவது இந்தக் காரில்தான், ஓட்டுவது நான்தான். உங்கள் கரண்ட் வண்டி வேண்டுமானால் பின்னால் வரட்டும்.